அம்மா கேட்டு வாங்கிய துண்டு

இந்த நினைவு மலரின் அட்டைப் படத்தில் அம்மா சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டையும் தலையில் துண்டுமாக நிற்பதைப் பார்த்து உங்களில் சிலர் முகம் சுளித்திருப்பீர்கள். ஸ்டுடியோக்காரரும், "பட்டுச்சேலை கட்டுன மாதிரி மாத்தித் தாரேன், கழுத்துல நகையும் போட்டுரலாம்" என்றுதான் சொன்னார். வேண்டவே வேண்டாம் என்று நானும் தம்பியும் சொல்லிவிட்டோம். இரவல் நகையோடு எங்கள் அம்மாவை உங்கள் கையில் கொடுக்க எங்களுக்கு மனமில்லை.

அம்மா தேவகோட்டைக்குப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி வீட்டில் பிறந்து, காரைக்குடிக்கு வாக்கப்பட்டு வந்தவர். நான் ஐந்தாவது படிக்கும்போது அப்பா தவறிவிட்டார். காரியம் முடிந்த கையோடு, கொடியில் கிடந்த அப்பாவின் முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு அம்மா சித்தாள் வேலைக்குக் கிளம்பினார். சிமெண்ட் கையை அரிக்கும், வெயில் முதுகைப் பொசுக்கும், அதற்குத்தான் சட்டை. தலையில் துணியைச் சுருட்டி வைத்த சும்மாடு, அதன்மேல் கலவைச் சட்டி. முதல் நாளே ஒருவர், "யாரு சட்டை ஆத்தா இது?" என்று கேலி பேசினாராம். "சட்டைய அப்பறம் பாக்கலாம், முதல்ல சட்டியத் தூக்கிவிடு" என்றாராம் அம்மா.

சும்மாடு சுமந்தே காலம் தள்ள அம்மாவுக்கு விருப்பமில்லை. சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் நிழலில் சாயும்போது கொத்துக்கரண்டியை எடுத்துச் சுவர் பூசிப் பழகினார். வேலையை எடுத்து நடத்திய மேஸ்திரி மாமா அதைப் பார்த்துவிட்டு, திட்டாமல் கற்றுக்கொடுத்தார். சில வருடங்களில் அம்மா தனியாகச் சுவர் வைக்கும் கொத்தனார் ஆனார். மகா கோபக்காரர். பூச்சு கொஞ்சம் கோணினாலும் மொத்தத்தையும் தட்டி உதிர்த்துவிட்டு மறுபடி பூசுவார். ஆனாலும் ஊர் வாயில் அவர் சித்தாள்தான்.

அதற்கு ஒரு முடிவு கோட்டையூரில் வந்தது. புது வீடு குடிபோகும் அன்று வீட்டுக்காரர்கள் வேலை பார்த்தவர்களுக்கு மரியாதை செய்வது நம் பக்கத்து வழக்கம். கொத்தனாருக்கு வேட்டி துண்டு, சித்தாளுக்குச் சேலை. அந்த வீட்டு ஆச்சி, தாம்பாளத்தில் அம்மாவுக்கும் சேலைதான் வைத்து நீட்டினார்.

அம்மா கை நீட்டவில்லை. "ஆச்சி, கோவிச்சுக்கிறாதீக. கொத்தனாருக்கு என்ன குடுக்குறீகளோ அதையே எனக்கும் குடுங்க."

"அடி ஆத்தி! நீ வேட்டி துண்ட வச்சுக்கிட்டு என்னடி செய்வ?"

"வேட்டிய என் மகன் கட்டிக்குவான். துண்டு எனக்கு வேணும். உங்க வாசச் சுவரு நான் வச்சது ஆச்சி."

ஆச்சி அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே உள்ளே போய், தம் வீட்டுக்காரருக்கென்று எடுத்து வைத்திருந்த புது வேட்டி துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அங்கேயே துண்டை உதறித் தலைப்பாகை கட்டிக்கொண்டார். அதன்பிறகு அம்மா தலையில் சும்மாடு ஏறவே இல்லை. புதிதாக வேலைக்கு வருபவர்கள் அந்தத் தலைப்பாகையைப் பார்த்தே "கொத்தனாரம்மா" என்று கூப்பிட்டார்கள். அந்தச் சம்பாத்தியத்தில்தான் நான் ஆசிரியை ஆனேன், தம்பி எலக்ட்ரீசியன் ஆனான்.

சென்ற ஆண்டு நெஞ்சுச்சளி முற்றி அம்மா படுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கும்போதும், "இந்தச் சுவத்த எவன் பூசுனான்?" என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே தாயைப் போல் பார்த்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும், வேளாவேளைக்குக் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அத்தைக்கும், தோளோடு தோள் நின்ற சொந்தபந்தங்களுக்கும் எங்கள் நன்றி.

மேஸ்திரி மாமாவுக்கும் எங்கள் தாய்மாமாவுக்கும் சொல்ல வேண்டிய நன்றி தனி. அம்மா இறந்து வீட்டில் கிடத்தியிருந்த அன்று, பிறந்த வீட்டார் கடைசியாகப் போடும் கோடித் துணியாகத் தாய்மாமா பட்டுச்சேலை போர்த்தினார். பின்னாலேயே மேஸ்திரி மாமா கொத்தனார்களோடு வந்தார். அவர் கையில் புது வேட்டியும் துண்டும் இருந்தன. "பொம்பளைக்குச் சேலைதானப்பா போடணும், இதென்ன புதுப் பழக்கம்?" என்று ஒரு பெரியவர் மறித்தார். மேஸ்திரி மாமா தயங்கி நின்றுவிட்டார்.

தாய்மாமாதான் எழுந்தார். "எந்தங்கச்சி என்ன வேணும்னு கோட்டையூருலயே சொல்லிருச்சு. நீங்க போடுங்க மேஸ்திரி" என்றார்.

மேஸ்திரி மாமா அம்மாவின் தலையில் துண்டைக் கட்டிவிட்டார். அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் தம்பி கொள்ளி வைத்தான்.