ஆம்பூருக்கு இரண்டு ஃப்ளூ ஊசி

1979 அக்டோபரில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு மெட்ராஸ் பாரிமுனையில் ஆம்பூர் பஸ் ஏறினேன். நூற்றெண்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். டிக்கெட் பதின்மூன்று ரூபாய். பெட்டியைக் கூரைமேல் ஏற்றிய கண்டக்டர், என் மடியில் இருந்த ஐஸ் பிளாஸ்க்கையும் கேட்டார். தரமாட்டேன் என்றேன். உள்ளே ஐஸ்கிரீம் வைத்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார், முறைத்துவிட்டுப் போனார்.

உள்ளே இருந்தவை இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகள், ஃப்ளூ ஜுரம் வராமல் தடுக்கும் மருந்து. ஒன்று ஆம்பூரில் டீச்சராக இருக்கும் எஸ்தர் அக்காவுக்கு, இன்னொன்று அவள் கணவர் சாமுவேல் மாமாவுக்கு. அக்காவுக்கு ஆஸ்துமா. போன மழைக்காலத்தில் வந்த ஃப்ளூ நெஞ்சில் இறங்கி, வேலூர் ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் கிடந்து பிழைத்தாள். மாமாவுக்கு வயது அறுபதை நெருங்குகிறது, சர்க்கரை வேறு. நான் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் நர்ஸ். அங்கே ஒரு டாக்டரை நச்சரித்து வாங்கிய குப்பிகள் இவை. மெட்ராஸில் விசாரித்த மருந்துக் கடைகளில் அப்படி ஒரு ஊசி இருப்பதே யாருக்கும் தெரியவில்லை.

சூடு பட்டால் மருந்து வீணாகிவிடும். திறந்து பார்த்தால் உள்ளே வெப்பம் போகும், பார்க்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஸ்ரீபெரும்புதூர் தாண்டுவதற்குள் மூடியில் மூன்று முறை கை வைத்து எடுத்துவிட்டேன்.

பக்கத்து சீட்டில் ராணிப்பேட்டை கெமிக்கல் ஃபாக்டரியில் வேலை செய்யும் ஒருவர். என் கையையே பார்த்துக்கொண்டு வந்தவர் கடைசியில் கேட்டுவிட்டார். சொன்னேன்.

"இன்னா சிஸ்டர், ஜுரமே வராத ஆளுக்கு ஊசியா?"

"வராம இருக்கத்தான்."

விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "எங்க டாக்டரு ஜுரம் வந்தா ரெண்டு ஊசி போடுவாரு. வராம இருக்க ஒண்ணு போதும்னா லாபம்தானே. அந்த ஊர்ல எல்லாரும் க்யூல நிப்பாங்களே?"

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் ஒவ்வோர் அக்டோபரிலும் நோட்டீஸ் போர்டில் அழைப்பு ஒட்டுவார்கள். நர்ஸ்களுக்கு இலவசம். என் வார்டில் வந்து கையை நீட்டுகிறவர்கள் குறைவு. போட்டால்தான் ஜுரமே வருகிறது என்பாள் ஒருத்தி. கை வலிக்கும் என்பாள் இன்னொருத்தி. வயதானவர்களையும் நெஞ்சு நோய்க்காரர்களையும் டாக்டர்கள் கூப்பிட்டுப் போடச் சொல்கிறார்கள், அவர்களிலும் வராதவர்கள் உண்டு. அமெரிக்காவில் மூன்று வருஷத்துக்கு முன் பன்றிக் காய்ச்சல் வரப்போகிறது என்று நாடு முழுக்க ஊசி போட ஆரம்பித்து, சிலருக்குக் கைகால் விழுந்துவிட்டதென்று பாதியில் நிறுத்தினார்கள். ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளுக்கே போட்டுவிடுகிறார்கள்.

"இங்க?" என்றார் அவர்.

"இங்க இல்ல."

"அது சரி," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ராணிப்பேட்டையில் இறங்கும்போது பிளாஸ்க்கைப் பார்த்து, "பத்திரம் சிஸ்டர்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாலாற்றுப் பாலத்துக்குக் கீழே ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. ஆற்காடு, வேலூர் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பள்ளிகொண்டாவில் டயர் வெடித்தது. டிரைவரும் கண்டக்டரும் ஆற அமர டீ குடித்த பிறகுதான் ஜாக்கியைத் தேடினார்கள். நான் சோடாக்கடையில் ஒரு ரூபாய்க்கு ஐஸ் உடைத்து வாங்கி பிளாஸ்க்கை நிரப்பினேன். மாதனூர் தாண்டியதும் டேனரிகளில் தோல் பதனிடும் வாடை ஏறி வந்தது. சுற்றி இருந்த யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை. ஆம்பூரிலேயே பிறந்து ஐந்து வருஷம் வெளியே இருந்த நான்தான் சுளித்தேன், அதற்காக என்மேலேயே கோபம் வந்தது.

பகல் பன்னிரண்டுக்கு ஆம்பூர். ஸ்டாண்டில் சைக்கிளோடு ஒருவர் காத்திருந்தார். நாற்பது வயது இருக்கும், விரல் நகமெல்லாம் நீலக் கறை.

"லண்டன் சிஸ்டர்தானே? நான் கபீர். சாமுவேல் சார் வேலை செய்ற டேனரிதான் எனக்கும். ப்ளூ ரெண்டும் குடுங்க, ஐஸ் கரையறதுக்குள்ள கொண்டு போயிடறேன்."

முதல் நாள் ராத்திரி நான் டேனரிக்கு டிரங்க் கால் போட்டிருந்தேன். எங்களுக்குத் தெரிந்த வட்டத்தில் போனும் ஃப்ரிட்ஜும் அங்கேதான் இருந்தன. "ஃப்ளூ ரெண்டு கொண்டு வர்றேன், ஐஸ்ல இருக்கு, ஃப்ரிட்ஜ்ல வைக்கணும்" என்று, எடுத்தது மாமா என்று நினைத்து, இரைச்சலுக்கு நடுவே கத்திச் சொல்லியிருந்தேன். காரியம் கச்சிதமாக நடக்கிறது என்று மகிழ்ந்து பிளாஸ்க்கை அவர் கையில் கொடுத்துவிட்டு, பெட்டியோடு ஜட்காவில் அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா பாதி உடம்பாக இருந்தாள். வாசல் கதவைத் திறந்ததற்கே மூச்சு வாங்கியது. "மாமா எங்கே?" என்றேன்.

"விடிகாலையிலயே ராணிப்பேட்டைக்குப் போய்ட்டாரு, கம்பெனி வேலையா. ராத்திரிக்குத்தான் வருவாரு."

"அப்ப நான் போன்ல சொன்னது?"

"இன்னா போன்?"

சாப்பிட்ட கை காய்வதற்குள் டேனரிக்கு ஓடினேன். கபீர் பாய் பின்கட்டுக் கிடங்கில், ஈரத் தோல் அடுக்குகளுக்கு நடுவே நின்றிருந்தார். குரோம் போட்டுப் பதப்படுத்திய தோல் வெளிர் நீலமாக இருக்கும். அதற்கு அந்த ஊரில் பெயரே ப்ளூ. ப்ளூ வந்துச்சா, ப்ளூ ஏத்தியாச்சா என்பதுதான் காலையிலிருந்து மாலைவரை அங்கே பேச்சு. இதை நான் பிறந்த நாள் முதல் அறிவேன். ஐந்து வருஷத்தில் என் காதிலிருந்து உதிர்ந்துவிட்டிருந்தது.

"போன் எடுத்தது நான்தான்," என்றார் கபீர் பாய். "ப்ளூ ரெண்டு ஐஸ்ல வருதுன்னீங்க. புதுசா ஃபாரின் சாம்பிள் போலன்னு நெனச்சோம். தொறந்தா தோல் இல்ல, மருந்து பாட்டில். சரி, ப்ளூவுக்குப் போடுற கெமிக்கல்னு..."

மேஜைமேல் ஒரு ஆட்டுத்தோல் விரித்திருந்தது. நடுவில் ஈரமான ஒரு வட்டம். பக்கத்தில் கழுத்து உடைந்த குப்பி.

"கலரு ஏறுதான்னு ஊத்திப் பாத்தேன். ஒண்ணும் ஆகலை. இன்னொண்ணை சார் வந்து பாக்கட்டும்னு ஐஸ்லயே வெச்சுட்டேன்."

அது என்ன மருந்து, யாருக்கு என்று சொன்னேன். குரலை அடக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. கபீர் பாயின் முகம் செத்துவிட்டது. "சாமுவேல் சார் நம்ம தோஸ்து சிஸ்டர்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரைத் திட்டினால் என்னையும்தான் திட்டிக்கொள்ள வேண்டும்.

இரவு மாமா வந்ததும் வீட்டில் யுத்தம். "நாள் முழுக்க ஈரத்துல நிக்கிறவரு, அவருக்குப் போடு," என்றாள் அக்கா. "போன மழையில மூச்சு நின்னு போனது யாருக்கு?" என்றார் மாமா. முப்பது வருஷக் குடித்தனத்தில் சேர்த்து வைத்த சண்டையெல்லாம் ஒரு குப்பிக்காக வெளியே வந்தது. கடைசியில் இருவரும் என்னைப் பார்த்தார்கள். இங்கிலாந்தில் இருவர் பெயருமே முதல் வரிசையில் இருந்திருக்கும். யாருக்கு முந்தி என்று அங்கே ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்து அக்காவின் கையில் போட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள், வலியால் அல்ல.

அடுத்த நாளே செய்தி டேனரியைச் சுற்றி வந்துவிட்டது. லண்டன் சிஸ்டர் ஜுரம் வராத ஊசி போடுகிறார் என்று காலையும் மாலையும் வாசலில் ஆள். தோல் சுமப்பவர்கள், பதனிடும் டிரம் ஓட்டுபவர்கள், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பெண்கள். இல்லை என்று சொன்னால் சண்டை போடவில்லை. "எப்ப வரும்?" என்றுதான் கேட்டார்கள். வராது என்று சொல்ல வாய் வராமல், தெரியாது என்று சொன்னேன். லீட்ஸில் வந்த மருந்து தட்டோடு திரும்பிப் போவதைப் பார்த்துப் பழகிய எனக்கு, நீட்டிய கைகளை வெறுமனே அனுப்புவது அந்த வாரம் முழுக்கத் தூக்கத்தைக் கெடுத்தது.

எட்டாம் நாள் கிளம்பினேன். மழை பிடித்திருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு மாமாவும் கபீர் பாயும் வந்தார்கள். ஒரு வாரமாக என் முகத்தைப் பார்க்கக் கூசியிருந்த கபீர் பாய் அன்றுதான் ஜன்னலருகே வந்து நின்றார்.

"சிஸ்டர், ஆம்பூர்ல அந்த ஊசி போட்டது மொத்தம் ரெண்டே ரெண்டு பேரு. ஒண்ணு டீச்சரம்மா. இன்னொண்ணு ஒரு ஆட்டுத்தோல். ரெண்டுக்கும் இந்த வருசம் ஜுரம் வராது."

எல்லாரும் சிரித்தோம். எனக்கே அடக்க முடியவில்லை. மாமாதான் எங்களைவிட ஜாஸ்தியாகச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது, இருமல் நிற்கவில்லை. துண்டை வாயில் பொத்திக்கொண்டு, ஒன்றுமில்லை என்று எனக்குக் கை காட்டினார். பஸ் நகர்ந்தது.