ஒஸ்லோ திரையரங்கில் ஒரு மாட்டுப்பட்டி

வெளியே பனி கொட்டுகிறது. திரையரங்குக்குள் திரை முழுக்கச் செம்மண் புழுதி. போர்க்காலத்து மாட்டுப் பண்ணை ஒன்றில் நடக்கும் காதல் கதை. விமானங்கள் குண்டு போடுகின்றன, வைக்கோற்போர் எரிகிறது, செத்துவிட்டான் என்று நினைத்த நாயகன் குதிரையிலிருந்து குதிக்கிறான். நாயகி ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். மதுரைக்காரனான எனக்கு விசிலடிக்க விரல் துடிக்கிறது. சுற்றிலும் நோர்வேக்காரர்கள் குளிர்கோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் இருக்கிறார்கள்.

"முதல்ல மாட்டைத் திறந்து விடுங்கோவன்" என்கிறது பக்கத்து இருக்கை.

திரும்பிப் பார்க்கிறேன். ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க தமிழா?"

"ஓம், யாழ்ப்பாணம். இப்ப இஞ்சை ஒஸ்லோவிலை, ஹொல்ம்லியாப் பக்கம் இருக்கிறம். பட்டியைப் பாருங்கோ, பூட்டிக் கிடக்கு. ஷெல் விழேக்கை எங்கடை அப்பா எங்களைக் கூப்பிடுறதுக்கு முதல் மாட்டைத்தான் அவிட்டு விட்டவர். ஆக்கள் எப்பிடியும் ஓடுவினம்."

அதற்குப் பிறகு எனக்கும் காதலர்கள் தெரியவில்லை, பட்டிக் கதவு மட்டும்தான் தெரிகிறது. நெருப்பு அதை நெருங்குகிறது. "திற, திற" என்று நானும் முணுமுணுக்கிறேன். நாயகி சட்டென்று அவன் கையை உதறிவிட்டு ஓடிப்போய்த் தாழ்ப்பாளைத் தூக்குகிறாள். மொத்த மந்தையும் திரையைக் கிழித்துக்கொண்டு எங்கள் மேலேயே பாய்வதுபோல் வருகிறது. நான் விசிலடித்தேவிடுகிறேன். முன்வரிசை முழுவதும் திரும்புகிறது.

அந்த அம்மா என் மடியிலிருந்த சோளப்பொரியில் ஒரு கை அள்ளிக்கொண்டு சாய்ந்து உட்காருகிறார்.

"இனி ரெண்டுபேரும் கொஞ்சட்டும்."