மல்லாட்டைக் கொல்லைக்குத் தெர்மல் கேமரா

அமாவாசை பார்த்துத்தான் கிளம்பினேன். வாங்கப்போகிற சாமானை இருட்டில்தான் சோதிக்க முடியும். கிரிவலக் கூட்டம் இருக்காது, பஸ்ஸில் உட்கார்ந்தும் போகலாம். கிளாம்பாக்கத்தில் காலை ஆறரைக்கு ஏறி, திருவண்ணாமலையில் இறங்கும்போது பதினொன்று. என் தங்கை செல்வியின் கணவர் ஏழுமலை பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார்.

அவருக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம் இரண்டு ஏக்கர். நிலக்கடலையை அங்கே மல்லாட்டை என்பார்கள், அது விளைகிற நிலத்தைக் கொல்லை என்பார்கள். போன வருஷம் காட்டுப்பன்றிகள் பாதிக் கொல்லையைக் கிளறித் தின்றுவிட்டன. இந்த வருஷமும் அப்படியானால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சென்னைக்கு வாட்ச்மேன் வேலைக்கு வருவதாக இருந்தார். எனக்கு அதைக் கேட்கவே பிடிக்கவில்லை.

ஆட்டோவுக்கு நூற்றைம்பது கேட்டு நூற்றிருபதுக்குப் படிந்தது. ரமணாசிரமம் தாண்டி, செங்கம் ரோட்டில் ஒரு மாடியறை. அங்கே தங்கியிருந்த பிரவீன், எனக்குத் தெரிந்த புகைப்படக்காரர். தன்னிடமிருந்த இரண்டு தெர்மல் கேமராக்களில் ஒன்றை விற்க நினைத்தார். உடம்புச் சூட்டை வைத்து இருட்டில் உருவத்தைக் காட்டும் கருவி. பெட்டியின் மேல் துப்பாக்கியோடு ஒரு வெள்ளைக்காரர் சிரித்தார். அவர் ஊரில் வேட்டைக்கு. நம் ஊரில் வேட்டையாடினால் கம்பி எண்ண வேண்டியதுதான். ஏழுமலைக்குப் பன்றி எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிந்தால் போதும், தகரம் தட்டி விரட்டிவிடுவார்.

சின்னது அறுபதாயிரம், இருநூறு மீட்டர் வரை தெரியும். பெரியது தொண்ணூறாயிரம், ஒரு கிலோமீட்டர்.

"என் கொல்லைக்கு இருநூறே ஜாஸ்தி மச்சான். கம்மி விலையில முடிச்சிடலாம்" என்றார் ஏழுமலை.

ராத்திரி பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று பிரவீன் இரண்டையும் கொடுத்தனுப்பினார். இருபது கிலோமீட்டர் பஸ்ஸில் பையை மடியில் வைத்துக் கைக்குழந்தையைப் போலக் கொண்டுபோனோம்.

இரவு ஏழரைக்கு ஏழுமலை, செல்வி, நான் மூவரும் மோட்டார் கொட்டகையின் மேல் ஏறினோம். ஏழுமலை சின்னதைக் கண்ணில் வைத்த வேகத்தில் பன்றி என்று இறங்கி ஓடினார். தகரம் அதிர அதிரத் தட்டியும் அது அசையவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் பாறை. பகல் வெயிலில் காய்ந்த பாறை இருட்டிலும் சூட்டோடு வெள்ளையாகத் தெரிந்திருக்கிறது. பிறந்ததிலிருந்து பார்க்கிற பாறையை மிரட்டியதற்காகச் செல்வி வெகுநேரம் சிரித்தாள்.

பிறகு பெரியதை வாங்கிச் சும்மா சுற்றிப் பார்த்தவர், ஒரே பக்கமாக நின்றுவிட்டார். அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு கொல்லையில் நான்கைந்து வெள்ளை உருவங்கள் மேய்ந்துகொண்டிருந்தன. அது அவருடைய அண்ணன் சேகரின் நிலம். கிணற்று மோட்டாரை யார் எப்போது ஓட்டுவது என்ற தகராறில் இரண்டு வருஷமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. ஓரகத்திகள் மட்டும் ரேஷன் கடையில் பேசிக்கொள்வார்கள்.

செல்வி கேட்காமலே போனை எடுத்து ஓரகத்தியிடம் சொன்னாள். ஏழுமலை எனக்கென்ன என்பதுபோல் இருந்தார், ஆனால் கேமராவைக் கீழே வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கையில் தடியோடு ஒரு மனித உருவம் கொல்லைக்குள் இறங்கியது. பன்றிகள் கலைந்து ஓடின. வேலியோரம் பெரிதாக ஒன்று மட்டும் நகராமல் நின்றது. சேகர் இருட்டில் நேராக அதை நோக்கித்தான் நடந்தார்.

ஏழுமலை செல்வியின் காதிலிருந்து போனைப் பிடுங்கினார். "அண்ணி, போனை ஸ்பீக்கர்ல போட்டு அண்ணனாண்ட கத்துங்க" என்றவர், அதற்குள் தானே கத்தினார். "அண்ணா, அங்கியே நில்லு. வேலியாண்ட பெருசு நிக்குது. கிட்ட போவாத."

உருவம் நின்றது. பிறகு திரும்பாமலே பின்னோக்கி நடந்தது. பன்றி ஒரு முறை முன்னால் பாய்ந்து, திரும்பி, வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடியது. சேகர் எங்கள் பக்கம் பார்த்து வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். ஏழுமலையும் கண்ணிலிருந்து கேமராவை எடுக்கவில்லை.

மறுநாள் காலை ஏழுமலை கருவிகளோடு திருவண்ணாமலைக்கும் நான் சென்னைக்கும் எதிரெதிர் பஸ் ஏறினோம். எங்கள் அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரர் பெயரே எனக்குத் தெரியாது. என் வீட்டுக் கதவின் சின்னக் கண்ணாடி வழியாக அவரைப் பார்ப்பேன், அவர் போனபிறகு வெளியே வருவேன். அன்று மாலை அந்தக் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது ஏழுமலை போனில் கூப்பிட்டார்.

"பெருசையே வாங்கிட்டேன் மச்சான். பேட்டரி ரெண்டு குடுத்தாரு. ஒண்ணு நம்ம வூட்ல இருக்குது. இன்னொண்ணு அண்ணன் வூட்ல சார்ஜ் ஏறிக்கினு இருக்குது."