பின் சீட்டின் உறை

ஷோரூம்காரர் உறையின் ஓரத்தை விலக்கி உள்ளேயிருந்த ஒரு பட்டையை இழுத்ததும், அந்தக் குட்டிக் காரின் பின் சீட் முன்பக்கம் மடிந்து டிக்கியோடு சமதரையானது. புது பிளாஸ்டிக் உறையின் வாடை அடித்தது.

2001-இல் விக்கிரமங்கலத்தில் எங்களிடம் இருந்த இதே காரின் பழைய மாடலிலும் இதே வாடைதான். வெயிலில் தொடை ஒட்டிக்கொள்ளும். சீட் அழுக்காகிவிடும் என்று அப்பா உறையைப் பிரிக்கவே விடவில்லை. புளியமரத்திலிருந்து பெரியப்பா விழுந்த அன்று, அவரைப் படுக்கவைக்க அந்தக் காரில் இடமில்லை.

"காலை மடக்குங்கண்ணே," என்று அப்பா கெஞ்சினார்.

"முடியலடா."

மடக்கி உட்காரவைத்தே அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அதன்பின் பெரியப்பா எழுந்து நடக்கவே இல்லை.

"பழைய மாடல்லயும் இது மடங்குமாங்க?" இப்போது அப்பா கேட்டார்.

"அப்பவே மடங்கும் சார். உறையப் பிரிச்சாத்தான் பட்டை தெரியும்."

அப்பா குனிந்து, இன்னும் வாங்காத காரின் உறையை இரண்டு கையாலும் கிழிக்கத் தொடங்கினார்.