ஆள் வராத தாழி

எலும்பின் மேலுள்ள மண்ணைத் தூரிகையால் தள்ளும்போது சிலுவைதாசன் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருப்பார். “கொஞ்சம் பொறு மக்கா, இப்போ முடிஞ்சிரும்.” அந்த மக்கா செத்து இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிறது.

தென்னந்தோப்பு ஒன்றில் முதுமக்கள் தாழிகளைத் தோண்டும் குழுவில் நான் படம் வரைகிறவன். அவர் கூலிக்கு வருகிறவர். சொந்த ஊரான கடற்கரையில் கல்லறைத் தோட்டத்துக்குக் குழி வெட்டுவதும் அவர்தான். முன்பு வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவர். ஒக்கிப் புயலில், அவரைவிட உயரமாக வளர்ந்திருந்த மகன் ஜெனின் போனான், உடல் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கடலில் கால் நனைத்ததில்லை.

பல்லைப் பார்த்து வயது சொல்வது மாட்டுச் சந்தையில் மட்டும்தான் என்றிருந்தேன். ஆய்வாளர் சபிதா பல்லின் தேய்மானத்தில் வயதையும், அதில் விழுந்த கோட்டில் சிறுவயதுப் பட்டினியையும் கண்டுபிடித்துவிடுவார். கை எலும்பு தடித்திருந்தால் பாடுபட்ட கை. அதைக் கேட்டுச் சிலுவைதாசன் தன் புஜத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

மனைவி குளோரி இத்தனை வருடமாக ஒன்றைத்தான் கேட்கிறார். மகனுடைய சட்டையையாவது பெட்டியில் வைத்துப் புதைத்து, மேலே ஒரு சிலுவை நட வேண்டும். போய் அழ ஓர் இடம் வேண்டும். ஊருக்கெல்லாம் குழி வெட்டுகிற மனிதர் இதற்கு மட்டும் பிடிகொடுக்கவில்லை. “பெட்டிய மூடுன பெறவு பய வந்து நின்னா, எந்த மொகத்த வச்சு பாக்க?” என்று என்னிடம் ஒருமுறை கேட்டார்.

போன மாதம் ஒரு தாழி கிடைத்தது. உள்ளே ஒரு கிண்ணம், உமி, துருப்பிடித்த கத்தி. மண் முழுவதையும் சலித்தும் ஒரு பல்கூட இல்லை. எலும்பு கரைந்திருக்கலாம், பல் அவ்வளவு எளிதில் கரையாது என்றார் சபிதா. வெளியே போய்த் திரும்பாதவர்களுக்கு வெறும் தாழி வைப்பதும் உண்டாம்.

“ஆளு வராமலா வச்சானுவ, மோளே?”

“அப்படித்தான் தோணுது, அண்ணாச்சி.”

அவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து அழுதார். அன்று நாங்கள் அதற்கு மேல் தோண்டவில்லை.

அந்தச் சனிக்கிழமை என்னைக் கல்லறைத் தோட்டத்துக்கு வரச் சொன்னார். குளோரி மடித்த சட்டையோடு நின்றிருந்தார். பிரேதத்தைக் கயிற்றால் அளந்து அந்த நீளத்துக்குக் குழி வெட்டுவது சிலுவைதாசனின் வழக்கம். சட்டைக்குச் சின்னக் குழி போதுமே என்றார் குளோரி. சிலுவைதாசன் கயிற்றின் ஒரு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு, மறுநுனியைத் தன் தலைக்கு மேலே இழுத்து, அதற்கும் மேல் ஒரு சாண் கூட்டி முடிச்சுப் போட்டார்.