மத்தியான விளக்கு

லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் பஸ்ஸால் இறங்கி, உடுப்புத் தோய்க்கும் கடையோடு திரும்பும் தெருவில் நடந்தால் நகுலேஸ்வரியின் வீடு வரும். சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தவுடன் கதகதவென்ற சூடு முகத்தில் வந்து படும். கார்த்திகை மாதத்துக் குளிரில் விறைத்து வந்தவளுக்கு அந்தச் சூடு ஒரு கோப்பை சோற்றைவிடப் பெரிது. சப்பாத்தைக் கழற்ற முதலே "பிள்ளையாரப்பா" என்று பெருமூச்சு விடுவாள்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. ஒரு கிழமை விடியக்காலை ஷிப்ட், அடுத்த கிழமை பின்னேர ஷிப்ட், அதற்கடுத்த கிழமை இரவு வேலை. பிறகு மறுபடியும் முதலில் இருந்து. எந்த நேரம் வந்தாலும் வீடு சூடாகத்தான் இருக்கும். அவளோடு வேலை செய்யும் மேரிசாந்திக்கு இதைக் கேட்டால் வயிறு எரியும்.

"என்ர மனிசன் நான் வெளிக்கிடேக்க போர்வையை இழுத்து மூடினால், திரும்பி வரேக்கையும் அப்பிடியேதான் கிடக்கும். உங்கட ஆளை ஒரு கிழமைக்கு இரவல் தாங்கோவன், நகுலாக்கா."

"கொண்டு போ. தேத்தண்ணியில சீனி காணாதெண்டு நெடுகச் சொல்லும். அதையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டிரு."

"அப்ப வேண்டாம். நீங்களே வைச்சிருங்கோ."

வீட்டைச் சூடாக்கி வைப்பது புருசன் அம்பலவாணனின் பொறுப்பு. பெற்றோல் ஷெட்டில் பல வருசம் இரவு வேலை செய்த மனிசன் அவர். போன வருசக் குளிருக்கு நெஞ்சில் சளி கட்டி, நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் பூட்டிக் கிடந்தார். பிள்ளையார் கைவிடவில்லை, எழும்பி வந்துவிட்டார். ஆனால் வீட்டுக்கு விடும்போது நேர்ஸ் நகுலேஸ்வரியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள், இன்னொரு முறை இப்படி வந்தால் நெஞ்சு தாங்காது, ஆளைக் குளிரில் இருக்க விடக்கூடாது என்று. அந்தச் சொல்லை அவள் ஒருவருக்கும் சொல்லாமல் மடியில் கட்டிய நெருப்பாக வைத்திருந்தாள். கதவைத் திறக்கும்போது வரும் சூட்டில்தான் அந்தப் பயம் கொஞ்சம் ஆறும்.

அதன் பிறகு அவர் வேலைக்குப் போகவில்லை. "நான் இப்ப வீட்டு வாச்சர்" என்று பகிடியாகச் சொல்வார். சொல்லிவிட்டு அவர் மட்டும் சிரிப்பார்.

குசினி அலுமாரிக்குள், வீட்டைச் சூடாக்கும் பொயிலரோடு ஒரு பழைய ரைமர் இருந்தது. வட்டத் தட்டு, விளிம்பு முழுக்கச் சின்னச் சின்னப் பற்கள். எந்த நேரத்துப் பல்லை அமத்தி விடுகிறோமோ அந்த நேரம் ஹீற்றர் ஓடும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்தில் அவளுடைய அடுத்த கிழமை ஷிப்டைக் கேட்டு, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, ஈர்க்குத் துண்டால் அந்தப் பற்களை மாற்றி வைப்பார். கார் திருத்துகிறவர் மாதிரி முகம் அப்போது இருக்கும்.

ஒரு கிழமை நடுவில் ஆஸ்பத்திரியில் திடீரென்று ஷிப்டை மாற்றிவிட்டார்கள். அவள் வந்து கதவைத் திறந்தபோது வீடு ஐஸ் பெட்டியாகக் கிடந்தது. அம்பலவாணன் பதறிப்போனார்.

"நீர் சொல்லேல்லையே, நகுலா. உம்மை விறைக்க வைச்சிட்டன்."

"அதுக்கு ஏன் இப்ப பதறுறியள்? நான் இப்பதானே வந்தனான்."

"இந்தப் பல்லுப்பெட்டி சரிவராது. மோர்டனில ஹீற்றர் பூட்டுற குகதாசன் இருக்கிறான், அவனைக் கூப்பிடுறன். உம்மட ஷிப்டுக்குத் தோதா ஒரு ரைமர் பூட்டுவம்."

அவளுக்கு அது சந்தோசமாக இருந்தது. நல்ல மனிசனைத்தான் பிள்ளையார் தந்திருக்கிறார் என்று நினைத்தாள். அந்த வீடு ஏன் அப்படிக் குளிர்ந்து கிடந்தது என்று அவள் யோசிக்கவில்லை.

அடுத்த கிழமை விடியக்காலை ஷிப்ட். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தாள். வழக்கமாக வந்தால் தேத்தண்ணி குடித்து, கொஞ்சம் சரிந்து கிடந்து, பொழுது பட்டபிறகுதான் தலைக்குத் தோய்ந்து விளக்கு வைப்பாள். அன்று கோயிலுக்கும் போகவேண்டும் என்றபடியால் வந்த கையோடு தோய்ந்துவிட்டுச் சாமித்தட்டடிக்குப் போனாள். சாமித்தட்டு முன்னறையில், சுவர் ஹீற்றருக்கு நேர் மேலே இருந்தது. தேங்காய் எண்ணெய் உறையாமல் இருக்கட்டும் என்று அவள்தான் அந்த இடத்தில் அடிப்பித்தாள். பின்னேரத்தில் போத்தலைச் சரித்தால் எண்ணெய் தண்ணீர் மாதிரி ஓடும்.

இன்றைக்கு ஓடவில்லை. மெழுகு மாதிரி வெள்ளையாக இறுகிக் கிடந்தது. கரண்டிக் காம்பால் குத்திப் பார்த்தாள். கல்.

ஹீற்றரில் கையை வைத்தாள். சுட்டது. அறையும் சூடுதான். காலையில் இருந்து ஓடிய ஹீற்றருக்கு மேல் எண்ணெய் எப்படி உறைந்து கிடக்கும்?

பின்னால் கதிரையில் அம்பலவாணனின் குளிர்க்கோட்டு மடித்துக் கிடந்தது. கொழுவி விடுவோம் என்று தூக்கினாள். கோட்டின் உட்பக்கம் இளஞ்சூடாக இருந்தது, இப்போதுதான் ஆள் கழற்றியது போல.

"வெளியில போனனீங்களே?" என்று கேட்டாள்.

"இல்லையே. இந்தக் குளிருக்கு எங்க போறது?" என்றார் அவர், தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டு.

அவள் கோட்டைக் கொழுவிவிட்டுத் திரும்பினாள். கரண்டியால் எண்ணெயைத் தோண்டி விளக்கில் வைத்து, திரியைக் கொளுத்தினாள்.

மறுநாள் குகதாசன் வந்தான். முதலில் ஹொலண்டில் இருந்து, அங்கே தொழில் பழகி, பிறகு லண்டனுக்கு வந்தவன். மூன்று பெட்டிகளை மேசையில் வைத்துவிட்டு அலுமாரிக்குள் தலையை விட்டான்.

"அண்ணை, இதென்ன, காலமையும் ஒண்டும் இல்லை, மத்தியானமும் ஒண்டும் இல்லை. பின்னேரத்தில மட்டும் ஒரு துண்டு அமத்தியிருக்கு. பகலில வீட்டில ஒருத்தரும் இல்லையோ?"

அம்பலவாணன் யன்னலால் வெளியே பார்த்தார்.

"ஒருத்தரும் இல்லைத் தம்பி. நான் மட்டும்தான்."

குகதாசன் நகுலேஸ்வரியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். இப்போது தனித்தனியே போய்விட்ட பிள்ளைகள் சின்னனாக இருந்த காலத்தில் இதே மனிசன் இரவு வேலைக்குப் போகும்போது, "ஹீற்றரை நிப்பாட்டாதையும், நீங்கள் வீட்டில இருக்கிறியள்" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவார். அது அவளுக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

"சரி, பாப்பம்" என்று குகதாசன் பேச்சைத் திருப்பினான். "இது பழையது மாதிரியே ஒண்டு. வேண்டாம், அண்ணையின்ர கண்ணுக்கு ஏலாது. இது ஏழு நாளுக்கும் வெவ்வேறு நேரம் வைக்கிறது. ஆனால் ஏழு நாள் முடிய அதே கிழமையைத்தான் திருப்பிப் படிக்கும். அக்காவின்ர ஷிப்ட் கிழமைக்குக் கிழமை ஓடுது, அதுக்குப் பின்னால ஓட இதுக்குக் கால் இல்லை. இது போனில தட்டுறது. வேலை முடிஞ்சு பஸ் ஏறேக்க தட்டினால், இறங்கேக்க வீடு சூடு."

"அதுதான் சரி" என்றார் அம்பலவாணன். "ஷிப்ட் எப்பிடி மாறினாலும் அவவுக்குக் குளிராது. அதைப் பூட்டும்."

நகுலேஸ்வரி அந்தப் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு மேசையில் வைத்தாள்.

"தம்பி, நெடுக வீட்டில இருக்கிற ஆளுக்கு எது பூட்டுறது?"

"அதுக்கு ஷிப்டே தேவையில்லை, அக்கா. இந்த நடுவில இருக்கிறதே காணும். எல்லா நாளுக்கும் ஒரே நேரத்தை வைச்சு விடுறன். விடிய எழும்பும், நீங்கள் படுக்கப் போகேக்க அதுவும் படுக்கும், இடையில வீட்டைக் குளிர விடாது. சாமத்தில வேலையால வந்தால் இந்தப் பட்டனை ஒருக்கா அமத்துங்கோ, ஒரு மணித்தியாலம் ஓடிப்போட்டு நிக்கும்."

"அதைப் பூட்டுங்கோ."

"நகுலா, தனி ஆளுக்குப் போய்..."

"ஒரு பிடி அரிசி போட்டாலும் அடுப்பு எரிஞ்சால்தானே சோறு" என்றாள் அவள். குரல் உயரவில்லை. குகதாசன் அதைப் பூட்டத் தொடங்கினான்.

போகும்போது குகதாசன் வாசலில் நின்று மெதுவாகச் சொன்னான்: "அக்கா, நான் ஹொலண்டில கோழிக்கூட்டுக்கும் ஹீற்றர் பூட்டினனான். கோழியள் நிப்பாட்டாது. இதில நிப்பாட்டுற பட்டனும் இருக்கு. அண்ணையின்ர கையைப் பூட்ட என்னட்டச் சாமான் இல்லை."

அது அவளுக்கும் தெரியும். சண்டை பிடித்தால் ஓம் ஓம் என்று தலையாட்டுவார். அவள் படி இறங்கியதும் நிப்பாட்டி, கோட்டைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருப்பார். உழைக்கிறவளுக்குத்தான் சூடு என்று அந்த மனம் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. "உங்களைக் கண்டுபிடிச்சிட்டன்" என்று சொல்லி அந்த மனத்தை இன்னும் சின்னதாக்க அவளுக்கு விருப்பம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போய்ப் பிள்ளையாருக்கு முன்னால் நெடுநேரம் நின்றாள். பிறகு நேர்த்தி வைத்தாள். பங்குனி உத்தரம் வரைக்கும் வீட்டில் ஒவ்வொரு நாளும் மத்தியானம் விளக்கு வைப்போம். எண்ணெயை அடுப்பிலும் உருக்கமாட்டோம், சுடுதண்ணீரிலும் உருக்கமாட்டோம். வீட்டுச் சூட்டில் தானாக உருகின எண்ணெயைத்தான் விடுவோம். அந்த நெஞ்சுக்கு நீதான் காவல்.

இது தெய்வத்தோடு செய்கிற தந்திரமோ என்று ஒரு கணம் மனம் கூசியது. தாய் தகப்பனைச் சுற்றி வந்து மாம்பழம் வாங்கியவருக்கு இது விளங்காதா என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு திருநீறு பூசினாள்.

வீட்டுக்கு வந்து அவருக்குச் சொன்னாள். அம்பலவாணன் நெற்றியைச் சுருக்கினார்.

"தானா உருகின எண்ணெய்? இது எந்தப் புராணத்தில கிடக்கு?"

"புராணத்தில இல்லை. என்ர நேத்தியில கிடக்கு."

"நேத்தி வைச்சது நீர். நீரெல்லோ விளக்கு வைக்கோணும்?"

"மத்தியானம் நான் எங்க நிக்கிறன்? ஒரு கிழமை வேலையில நிப்பன், ஒரு கிழமை வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிப்பன், ஒரு கிழமை நித்திரையில கிடப்பன். பிள்ளையாருக்கு ஷிப்ட் இல்லாத ஆள் வேணும். இந்த வீட்டில ஆர் இருக்கினம்?"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு எண்ணெய்ப் போத்தலைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்தது.

"சாமி காரியம்" என்றார் கடைசியில். "பிழை விடக்கூடாது."

முதல் சில நாள் நகுலேஸ்வரிக்கு வேலையில் மனம் ஓடவில்லை. வார்ட்டைக் கூட்டும்போதும் துடைக்கும்போதும் அந்தப் போத்தல்தான் கண்ணுக்குள் நின்றது. சுடுதண்ணிக் கோப்பைக்குள் வைத்து உருக்கிவிடுவாரோ? மனிசருக்குப் பொய் சொல்லலாம், நேர்த்திக்குச் சொல்லமாட்டார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். வீட்டுக்குப் போனாலும் கேட்கமாட்டாள்.

மார்கழி பிறந்து, வெளியே புல்லில் வெள்ளையாய்ப் பனி படிந்து கிடந்த ஒரு நாள், வார்ட்டில் திருத்த வேலை நடக்குதென்று அவளை நேரத்தோடு அனுப்பிவிட்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் திறந்தாள்.

சூடு முகத்தில் வந்து பட்டது.

அம்பலவாணன் சாமித்தட்டுக்கு முன்னால் நின்றார். தோய்ந்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, ஒரு மெல்லிய சேட்டோடு நின்றார். போத்தலைச் சரித்தார். எண்ணெய் நூல் மாதிரி விளக்குக்குள் இறங்கியது.

"என்ன, இண்டைக்கு நேரத்தோட?" என்று திரும்பாமலே கேட்டார்.

"விட்டிட்டாங்கள்."

"நல்லது. நில்லும், கொளுத்திப்போட்டு வாறன். உம்மட பிள்ளையாருக்கு எண்ணெய் உருகுறதுக்குள்ள மனிசன் உருகிப் போயிடுவான் போல கிடக்கு. சேட்டையும் கழற்றுவமோ எண்டு யோசிச்சனான்."

"கழற்றுங்கோ. கோயிலிலயும் அப்பிடித்தானே நிக்கிறனீங்கள்."

அவர் சிரித்துக்கொண்டு திரியைத் தூண்டினார். நகுலேஸ்வரி தன் கோட்டைக் கழற்றி, கதவுக்குப் பின்னால் கொழுவப் போனாள். அங்கே அவருடைய குளிர்க்கோட்டு தொங்கியது. மெதுவாக அதன் உள்ளே கையை விட்டுப் பார்த்தாள்.

கோட்டு குளிர்ந்திருந்தது.

"பிள்ளையாரப்பா" என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைக் கழற்றினாள்.