கேரியரை உலுக்கிய பெண்

மலேசியாவின் சுங்கை பெசாரில், வெளியிடங்களில் கூடாரமடித்துத் தங்குவதற்கான பொருள்கள் விற்கும் சந்தையில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். இறுக்கிய கொண்டை, சிரிக்காத முகம். கார் கூரைமேல் விரிக்கும் கூடாரத்துக்கு நான் விலை பேசிக்கொண்டிருந்தேன். அவர் வந்து, அதைத் தாங்கும் கேரியரைப் பிடித்து உலுக்கினார்.

"ஓடுற கார்ல இது எத்தனை கிலோ தாங்கும்னு கேளுங்கண்ணே. எவ்வளவு வேணும்னாலும் ஏத்தலாம்னு என் தம்பிகிட்ட சொன்னது இந்த ஆளுதான். வளைவுல கேரியர் கழண்டு, கார் வாய்க்கால்ல கவுந்துருச்சு. தம்பி இன்னும் நடக்கல."

கடைக்காரர் கைகூப்பினார். "போதும்லா அக்கா. ஒவ்வொரு சந்தைக்கும் வந்து பொழப்பைக் கெடுக்கிறீங்களே!"

"அவன் நடக்கட்டும். அன்னைக்கு நிறுத்துறேன்."

நான் வாங்கவில்லை. அந்தப் பெண் என்னைக் கண்டுகொள்ளாமல் அடுத்த வாடிக்கையாளரிடம் போனார்.

தம்பி இனி நடக்கவே மாட்டார் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டதாகப் பக்கத்துக் கடையில் சொன்னார்கள். அது தெரிந்துதான் அந்த அக்கா அந்தக் கெடுவை வைத்திருக்கிறார்.